அட்டை இல்லாத அரபு நாவல்

வலமிருந்து இடமாக நகர்கிறது பிரிசில்லாவின் ஊக்கு. பரங்கிப்பேட்டை பஸ் குலுங்கினால் வரி தப்பிவிடும். உச்சுக்கொட்டிவிட்டு வரியின் தொடக்கத்துக்கே போய் மறுபடி நகர்த்தி வருவார். உதடு அசையும், ஒலி வராது. ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக வருகிறவர் என்பதால் வெள்ளைச் சேலை. காலடியில் ஒயர் கூடை, அதற்குள் பைபிள். மடியில் அட்டை கிழிந்த ஓர் அரபு நாவல்.

"என்னா பிரிசில்லாக்கா, கட்சி மாறிட்டியா?" கண்டக்டர் காத்தவராயன் வாராவாரம் கேட்பார்.

"கதப் பொஸ்தகம்பா. இதுல ஒருத்தன் மாமியாகிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டே கெடக்கான். உன்னாட்டம்."

முன் சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். காத்தவராயன் படியில் இருப்பவர்களை உள்ளே வரச்சொல்லி அதட்டத் தொடங்குவார்.

சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பிரிசில்லாவுக்குச் சமையல் வேலை. கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் உண்டு. அவற்றில் பழையவை குவைத்தில் பட்டவை. அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். போன புதிதில், பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பெண் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். பெயர் லுல்வா. ஆறு வயது வரை அது பிரிசில்லாவின் பக்கத்தில்தான் தூங்கியது. அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

"அந்த வீட்டுல வேலைக்கு யார் வந்தாலும் பேரு மரியம்தான். எனக்கு முன்னாலயும் ஒரு மரியம் இருந்தா. ஆள் மாறுனா பேரையும் மாத்திக் கூப்புட அவுங்களுக்குச் சலிப்பு" என்பார், குறையாகச் சொல்லாமல்.

சுனாமிக்கு அடுத்த மாதம் கடலூரில் கணவர் ராஜவேல் பக்கவாதத்தில் படுத்தார். லீவில் வந்த பிரிசில்லா திரும்பிப் போக முடியவில்லை. கணவர் இறந்தபோது விசாவும் முடிந்திருந்தது.

வந்த மறுவருடம் பெருநாளன்று குவைத்துக்குப் போன் செய்தார். வீட்டுக்காரம்மா குழந்தையிடம் கொடுத்தார். லுல்வா அழுதுகொண்டே நீளமாக ஏதோ கேட்டது. பிரிசில்லாவுக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்த அரபு அந்த வீட்டார் அவரிடம் பேசிய அரபு. வா, போ, கழுவு, கொண்டா. குழந்தையிடம் பேச இன்னும் கொஞ்சம். சாப்பிடு, தூங்கு, அழாதே. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். குழந்தை மறுபடி கேட்டது. பிறகு வீட்டுக்காரம்மா போனை வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த பெருநாள்களில், "நன்றாக இருக்கிறாள்" என்பதோடு சரி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் படிப்பு.

பிரிசில்லா வாராவாரம் போவது பரங்கிப்பேட்டையில் சிறுமிகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற ஹாஜரா உம்மாளிடம்; அவரை அக்கா என்ற பொருளில் 'லாத்தா' என்பார். உம்மாளின் மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய பெட்டியில் கண்ணாடிச் சாமான் உடையாமலிருக்கத் திணித்து வந்தது இந்த நாவல். ஓதுகிற எழுத்துகளில் மேலும் கீழும் உயிர்க்குறிகள் இருக்கும். நாவலில் அவை இல்லை. வெறும் மெய்யெழுத்தாகக் கிடக்கும் சொற்களை ஹாஜரா உம்மாள் ஒவ்வொரு உயிராக வைத்து ஒலித்துப் பார்ப்பார். பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"கபஸ்... கிபிஸ்... குபுஸ்..."

"குபூஸ்! ரொட்டி, லாத்தா!"

ஒருவருக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. மற்றவருக்குப் பொருள் தெரியும், அப்போது எழுத்து தெரியாது. இப்படித்தான் முதல் அத்தியாயத்தைக் கடந்தார்கள். அது நல்ல வேளையாகச் சமையலறையில் நடந்தது. பிறகு கதையில் அந்த வீட்டுப் பெண் ஜன்னலருகே தனியாக உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினாள்.

"அடுப்படியில இருக்கற வரைக்கும் அவ பேசறது எனக்குத் தெரியுது. யோசிக்க ஆரம்பிச்சா அவ்ளோதான்" என்பார் பிரிசில்லா.

ஊருக்கு வந்திருந்த மச்சானிடம் கேட்டார்கள். "நாங்க அங்க பேசுறது சாவியக் குடு, லோடு எறக்கு. இதெல்லாம் எவன் பேசுனான்?" என்று அவர் எழுந்து போய்விட்டார். அகராதி ஒன்று வாங்கினார்கள். 'ஷவ்க்' என்ற சொல்லைத் தேடிப்பிடித்து ஹாஜரா உம்மாள் வாசித்தார்: ஏக்கம்.

பிரிசில்லா அந்தச் சொல்லின் கீழ் ஊக்கை வைத்தார். "அத்தினி வருஷம் இருந்தேன். இந்த வார்த்தைய எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல, லாத்தா."

நாவலில் அந்தப் பெண் தூரத்தில் இருக்கும் மகளை நினைத்துச் சொல்லும் வரியைப் பிரிசில்லா மனப்பாடம் செய்தார். தமிழில் சொன்னால், "மகளே, நின்பால் யான் கொண்ட ஏக்கம் தணிந்திலது" என்பது போன்ற வரி. "அன்னைக்கு அது என்னா கேட்டுச்சோ. எது கேட்டிருந்தாலும் இதான் பதிலு."

2011 பெருநாளன்று ஹாஜரா உம்மாளின் செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார்கள். எடுத்தது லுல்வாவேதான். குரல் வளர்ந்திருந்தது. பிரிசில்லா பிழையில்லாமல் சொன்னார். அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நம் வீட்டுப் போனில் யாராவது செய்யுளில் பேசினால் நாமும் இப்படித்தான் கேட்போம்.

"யார்?"

"மரியம்."

"இரு" என்றது குரல். "மரியம்! உனக்குப் போன்!"

செருப்புச் சத்தம் நெருங்கியது. "ஹலோ, ஆர் கதைக்கிறது?" இலங்கைத் தமிழ். இப்போதைய மரியம்.

பிரிசில்லா தொண்டையைச் செருமினார். "நானு... முன்ன அங்க வேல பாத்தவ. பாப்பா சாப்புடுதா?"

"நல்லாச் சாப்பிடுவா. இப்ப வளந்திட்டா, அக்கா."

"காதுல தண்ணி போனா வலி வரும். பாத்துக் குளிக்கச் சொல்லு."

"சரியக்கா. நீங்க ஆரெண்டு சொல்லட்டும்?"

"வேணாம்மா."

போனை வைத்த பிறகு ஹாஜரா உம்மாள் மெதுவாகச் சொன்னாராம்: "பழையபடி வா, சாப்புடுன்னே பேசியிருந்தா கண்டுபிடிச்சிருக்கும் புள்ள."

"ஆமா, லாத்தா."

ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. அதே பஸ்ஸில் வாராவாரம் வரும் நானும் சென்ற வாரம் கூடப் போயிருந்தேன். கதை மறுபடி சமையலறைக்கு வந்திருந்தது. ஹாஜரா உம்மாள் ஒரு சொல்லில் நின்றார்.

"மலஹ்... முலிஹ்... மில்ஹ்..."

உப்பு. குவைத்தில் தினமும் பிரிசில்லாவின் காதில் விழுந்த சொல்; போனில் சொல்லியிருந்தால் லுல்வா கண்டுபிடித்திருக்கக்கூடிய சொல். ஹாஜரா உம்மாள் தலையை நிமிர்த்திக் காத்திருந்தார். இந்த முறை பிரிசில்லா பொருள் சொல்லவில்லை. ஊக்கை மட்டும் அடுத்த சொல்லுக்கு நகர்த்தினார்.