உப்புச்சர்க்கரையும் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸும்

எங்கள் பகுதியில் ஒரு சம்பந்தம் உறுதியாகிவிட்டதா என்று அறிய விரும்புகிறவர்கள், "உப்புச்சக்கரை ஆகிப்போச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊருக்கு வந்து, அந்த ஊர்க் கடையிலேயே உப்பும் சர்க்கரையும் வாங்கி, கூடையில் வைத்துக் கொண்டுவருவார்கள். நல்ல நேரத்தில் சாமி முன்னால் வைத்துக் கூடையைக் கைமாற்றினால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. அதற்கு முன்னால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். என்னுடைய உப்புச்சர்க்கரையன்று எல்லாமே அதற்கு முன்னால்தான் நடந்தது.

நான் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டுக் கோவையில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகளிர் குழுக்களுக்குப் போய், உணவுப் பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது என் பணி. 'சர்க்கரை சேர்க்காதது' என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடுகிறவர்கள், அதற்குப் பதிலாக எதைச் சேர்த்தார்கள் என்பதைப் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் போடுகிறார்கள் என்பதே எனக்கு அப்போது பெரிய சமூக அநீதியாகத் தெரிந்தது. செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவற்றில் ஒன்றை, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்ற வகையில் நிபுணர்கள் சேர்த்திருப்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலும் படித்தபோது, தினமும் இவ்வளவு வரை உட்கொள்ளலாம் என்ற வரம்பை மாற்றத் தேவையில்லை என்று வேறொரு நிபுணர் குழு சொல்லியிருந்தது. முழு இலையிலிருந்து எடுக்கும் கற்றாழைச் சாறும் அதே வகையில்தான் இருக்கிறது என்பதும் தெரிந்தது. மறுநாள் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில், ஆரோக்கியத்துக்காகக் கற்றாழை ஜூஸ் வாங்க நின்றவர்களை எச்சரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் கூடுதலாக ஒரு சுற்று நடந்தேன். அதற்குள் ஜூஸ் தீர்ந்துவிட்டது.

உடுமலைப்பேட்டையில் எங்கள் வீட்டில் இந்தக் கவலைக்கு மதிப்பு குறைவு. அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். காபியில் போடும் இனிப்பு மாத்திரையின் சிறிய டப்பாவை முந்தானையில் முடிந்தே வைத்திருப்பார். எடைகுறைப்புக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று மருத்துவ அமைப்புகள் சொல்வதை ஒருமுறை வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல என்ற சிறு எழுத்தைத்தான் முதலில் படித்தார். பின்பக்கத்தைப் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவளும் நானே.

"நீ சொல்ற கேன்சரு வாரதுக்குள்ள இந்தச் சக்கரை என்ற காலை எடுத்துப்போடும் கண்ணு. மொதல்ல வாரதுக்கு மொதல்ல வைத்தியம் பாக்கலாம்" என்றார்.

என் கவலை குறையவில்லை.

இப்படிப்பட்ட என்னைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். பேசிப் பார்க்கட்டும் என்று என்னையும் மாப்பிள்ளையையும் தெருமுனை பேக்கரிக்கு அனுப்பினார்கள். அவர் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கி, பிரிப்பதற்கு முன்னால் திருப்பி, பின்பக்கத்தை முழுவதுமாகப் படித்தார். படித்துவிட்டு, "வேண்டாமுங்க" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். ஜாதகத்தில் எத்தனை பொருத்தம் இருந்ததோ எனக்கு நினைவில்லை. இந்தச் சம்பந்தம் எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

அன்று வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, காபி வருவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கி, "கேஸ் தொந்தரவுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் போனதும் அம்மா சொன்னார்: "கேஸுக்கு அந்தக் கலர்ல மாத்திரையே இல்லீங்க. அது நான் போடறதுதான்."

ஆக, காங்கேயத்து மாமாவுக்குச் சர்க்கரை நோய். அதை அவர்கள் சொல்லவில்லை. பரம்பரை நோய் என்று பெண் வீட்டார் யோசிப்பார்களோ என்ற பயம். அதே பயத்தில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருப்பதை நாங்களும் சொல்லவில்லை.

அம்மா இதற்கு ஒரு மரியாதையான வழி கண்டுபிடித்தார். உப்புச்சர்க்கரையன்று பாயசம், எலுமிச்சை ஜூஸ், காபி எல்லாவற்றிலும் சத்தமில்லாமல் செயற்கை இனிப்பூட்டியைப் போட்டுவிடுவது. அவருக்கும் கெடுதல் இல்லை. நமக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. சொல்லாமல் கொடுப்பது சரியல்ல என்று நான் வாதாடினேன். சாப்பிடுகிறவருக்கு என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது அல்லவா? 'இவற்றில் சர்க்கரை இல்லை. செயற்கை இனிப்பூட்டி சேர்க்கப்பட்டுள்ளது' என்று ஒரு அட்டையில் அழகாக எழுதியும் வைத்தேன்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அட்டையைப் பிழை பார்ப்பதுபோல் படித்தார். "போர்டு வெக்கறதுக்கு இதென்ன கரண்டு ஆபீஸா? உங்களுக்குச் சக்கரை இருக்கறது எங்களுக்குத் தெரியுமுங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகிப்போகும் அம்மணி" என்று சொல்லி, அதைப் பிரிட்ஜின் மேல் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் ராகு காலத்துக்கு முன்பே காங்கேயத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டார்கள். நல்ல நேரம் மதியம்தான். சடங்கை நடத்தித்தரும் பெரியவரான அருமைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கூடை சாமி படத்தின் முன்னால் இருந்தது. அதில் மஞ்சள் துணியில் முடிந்த இரண்டு மூட்டைகள். சடங்கு முடியும்வரை சாப்பாடு கிடையாது என்பதால், அம்மா ஜூஸாகவும் காபியாகவும் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங், ஜூஸு நெம்ப நல்லா இருக்குதுங்க. இன்னொரு டம்ளர் குடுங்க" என்று மாமா வாங்கி வாங்கிக் குடித்தார். சர்க்கரை நோயுள்ள ஒருவர் இவ்வளவு துணிச்சலாக இனிப்பு குடிப்பதைப் பார்த்து அம்மாவே அசந்துபோனார். நம் ஏற்பாடு எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த மாமாவுக்கு வியர்த்தது. எதிரே இருந்த அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"என்றா முழிக்கறே?"

காலையிலிருந்து ஜூஸ் டம்ளருக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் அவர்.

"என்ற மில்லுல கொப்பரை திருடுனவந்தானடா நீயி?"

கொப்பரையோடு அப்பாவுக்கிருந்த ஒரே தொடர்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய். அவர் முகம் சிவந்து எழுந்தார். என் தாய்மாமன், மரியாதை குறையாமல், சம்பந்தி பக்கமாகக் குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாசம் ஒண்ணும் வரலீங்களே" என்று அறிவித்தார். மாப்பிள்ளை தலைகுனிந்தார். என் கல்யாணம் கொப்பரை மூட்டையோடு மூட்டையாகப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அம்மாதான் மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று நனைந்திருந்தது.

"சரக்கும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. இது லோ சுகருங்க, சக்கரை எறங்கிப்போனா இப்படித்தான் ஒளறுவாங்க!"

"எங்க ஊட்டுல யாருக்கும் சக்கரை கிடையாதுங்க" என்றார் மாமாவின் மனைவி, என் வருங்கால அத்தை, உடனே.

அம்மா விவாதிக்கவில்லை. சமையலறைக்கு ஓடிப் பாயசத்தோடு வந்து, மாமாவின் வாயில் ஊட்டினார். மாமா சப்புக்கொட்டினாரே தவிர, தலை சாய்ந்துகொண்டே போனது. "ஜூஸ் குடுங்க, ஜூஸ்!" என்று யாரோ கத்த, இன்னொரு டம்ளர் வந்தது.

"அம்மா, அதுல சர்க்கரையே இல்லை!" என்று நான் கத்தினேன். பாலும் சேமியாவும் ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். மாமாவின் கண்கள் சொருகத் தொடங்கியிருந்தன.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சக்கரை போடாமயா எங்களுக்குக் குடுத்தீங்க?" என்று அத்தை கேட்டார். அந்த நிலையிலும் அவர் குரலில் விருந்தாளியின் மனத்தாங்கல் இருந்தது. பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "காத்தால ரெண்டா போட்டுக்கிட்டாருங்க. டிபனும் வேண்டாம்னுட்டாரு. உங்க ஊட்டுல இனிப்பை வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு..."

அவர் எங்கள் மனம் கோணக்கூடாதென்று கூடுதலாக மாத்திரை விழுங்கியிருக்கிறார். நாங்கள் அவர் மனம் கோணக்கூடாதென்று சர்க்கரையை எடுத்திருக்கிறோம். இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் மயங்கிக்கொண்டிருந்தார். இனிப்பூட்டியால் வரக்கூடிய தீங்குகளைப் பற்றி நான் படித்திருந்த எதிலும் இது இல்லை.

சர்க்கரை நோயாளிகள் இருவர் உள்ள எங்கள் சமையலறையில் சர்க்கரை இருந்து பல காலமாகிறது. தாய்மாமன் பக்கத்து வீட்டுக்கு ஓடி, வெற்றியோடு திரும்பி வந்தார். அவர் கையில் இருந்தது அம்மாவின் முந்தானையில் இருப்பது போன்ற அதே சிறிய டப்பா. "இனிப்புன்னு கேட்டேன், இதைக் குடுத்தாங்க" என்றார். வந்த வேகத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் பறந்தார்.

அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் கூடையின் மேல் விழுந்தது.

"நேரம் வரலீங்களே. ராகு காலத்துல முடிச்சை அவுத்தா..." என்று அருமைக்காரர் இழுத்தார். நான் வழக்கம்போல் விளைவுகளை எடைபோட ஆரம்பித்தேன். நான் எடைபோட்டு முடிப்பதற்குள் அத்தை கூடையைத் தூக்கி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். அப்பா ஒரு மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்த பொட்டலத்தைக் கிழித்து, வெள்ளையாக ஒரு பிடி எடுத்துச் சம்பந்தியின் வாயில் போட்டார்.

மாமா துப்பினார். "உப்பை வெக்கறான் பாரு, திருட்டுப்பய!"

மாப்பிள்ளை பாய்ந்து இரண்டாவது மூட்டையை அவிழ்த்தார். அதே அளவு, அதே வெள்ளை, அதே கண்ணாடிக் கவர். மறுபடியும் தவறு நேரக்கூடாது என்ற பொறுப்புணர்ச்சியோடு அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"பேக்கிங் தேதி போட்டிருக்குதுங்க. என்ன பொருள்னு போடலீங்க" என்றார்.

பேக்கரியில் நான் எந்தக் குணத்தைக் கண்டு மயங்கினேனோ, அதே குணம் இப்போது அவருடைய அப்பாவை வழியனுப்பப் பார்த்தது. பொட்டலத்தைப் பிடுங்கிப் பல்லால் கிழித்தேன். நாக்கில் பட்டது இனிப்பு. கையில் கிடைத்த ஜூஸ் டம்ளரில் அள்ளிக் கொட்டிக் கலக்கி, மாமாவின் தலையை நிமிர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். செயற்கை இனிப்பூட்டி, வெள்ளைச் சர்க்கரை: மகளிர் குழுக்களிடம் நான் எச்சரித்துவந்த இரண்டையும் ஒரே டம்ளரில் என் கையால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டம்ளர் காலியாகிச் சில நிமிடங்கள் ஆயின. மாமா கண்ணைத் திறந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ஏன் நின்னுட்டு இருக்கீங்க? உக்காருங்க."

அத்தை அழுதார். அப்பா உட்கார்ந்தார்.

இனிச் சடங்கு என்னாகும் என்பதுதான் கேள்வி. முடிச்சு அவிழ்ந்துவிட்டது, அதுவும் ராகு காலத்தில். அருமைக்காரர் கூடையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்பு சம்பந்தி கையால போயிருச்சு. சக்கரை பொண்ணு கையாலயே போயிருச்சு. ரெண்டும் வயித்துக்குள்ள சேர்ந்துபோச்சு. இதுக்கு மேல எப்படீங்க உறுதி பண்றது?" என்றார். இருந்தாலும் அப்பா கணக்கை முறைப்படி முடிக்க விரும்பினார். மிச்சமிருந்த சர்க்கரைப் பொட்டலத்தின் வாயை என் தலைமுடி ரப்பரால் கட்டி, உப்போடு கூடையில் வைத்து, நல்ல நேரத்தில் மறுபடியும் மாற்றிக்கொண்டார்கள். அப்போது ஒரு பை நிறையத் தேங்காய் பன்னோடு தாய்மாமன் வந்து சேர்ந்தார்.

பந்திக்கு உட்காரும்போது எதையும் மறைக்க யாருக்கும் தெம்பில்லை. யாருக்கு எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை, யார் எந்த மாத்திரை என்று இரண்டு குடும்பங்களும் உறவுமுறை விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டன. அம்மா சோதனைக் கருவியைக் கொண்டுவந்து மாமாவின் விரலில் குத்திப் பார்த்து, பயமில்லை என்றார். அவர் குணமாகிவிட்டார் என்பதற்கு வேறு சான்றும் கிடைத்தது. பாயசத்தை அருகில் கொண்டுபோனதும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"மாத்திரை போட்ட பாயசமா? வேண்டாமுங்க. அது கேன்சராமுங்க, வாட்ஸாப்புல வந்துச்சு."

நான் ஆர்வமாக அருகில் போய், அது எந்த வகை, வரம்பு என்ன, கற்றாழை எங்கே வருகிறது என்று விளக்கத் தொடங்கினேன். மாமா மரியாதையாகத் தலையாட்டியபடியே தேங்காய் பன்னைப் பாதியாகப் பிட்டார். அம்மா அந்தப் பாதியையும் பாதியாக்கினார்.

பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய், பிரிட்ஜின் மேலிருந்த அட்டையை எடுத்துவந்து பாயசப் பாத்திரத்தின் முன்னால் நிறுத்தினேன். அப்பா பார்த்தார், இந்த முறை கவிழ்த்து வைக்கவில்லை. அத்தை படித்துவிட்டு, "எனக்கு ஒரு கரண்டி ஊத்து கண்ணு" என்றார்.

மாப்பிள்ளை கடைசியாக வந்தார். அட்டையை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு திருப்பினார். பின்பக்கத்தில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதையும் அவர் கொஞ்ச நேரம் படித்தார்.

"சரியா இருக்குதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டம்ளரை நீட்டினார்.