என் வீட்டிலிருந்து நான் எழும்பிய கதை

மனைவியும் பிள்ளைகளும் கனடாவுக்குப் போன பிறகு, வேலணையில் ஐந்தறை வீட்டில் நான் ஒருவன். தனிமை தெரியாமலிருக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அறையில் படுப்பேன். எந்த அறையிலும் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், நெடுந்தீவிலிருந்து ஒரு மீனவர் மகளோடு வந்தார். பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி; சாதாரணதரப் பரீட்சை முடித்திருந்தாள். அங்கே உயர்தரக் கணித வகுப்பு இல்லை. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இருந்தது. தினமும் கடல் கடந்து வந்துபோக முடியாது. தங்க இடம் கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி.

"இஞ்சயே நிக்கட்டும் அண்ணை. வீடு சும்மாதானே கிடக்கு."

அவர் பார்வை கொடியில் காய்ந்த, நான் உடுக்கும் ஒற்றைச் சாரத்தில் நின்றது.

"வேற ஆர் இருக்கினம், மாஸ்டர்?"

"நான் மட்டுந்தான்."

அவர் கதிரையை விட்டு எழும்பினார். பிள்ளையின் முகம் விழுந்துபோனதைக் கண்டபோதுதான், என்ன சொல்லிவைத்தேன் என்று விளங்கியது. பதற்றம் வந்தால் எனக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடும்.

"நான் இருக்கமாட்டன்! எழும்பிப் போயிடுவன்!"

"எங்க போவியள்?"

"பள்ளிக்கூடத்தில... விஞ்ஞான அறையில."

"அப்ப சரி. என்ர தங்கச்சி வந்து பிள்ளையோட நிப்பாள்."

கதையைக் கேட்ட பள்ளிக்கூட அதிபர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அறைப் பூட்டின் திறப்பைத் தந்தார். பிள்ளைகள் குந்தும் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்தேன். எதிரே போத்தல் மருந்துக்குள் ஒரு செத்த தவளை என்னையே பார்த்தபடி ஊறிக்கொண்டிருந்தது. "நீரும் குடும்பத்தை அனுப்பிப்போட்டோ இருக்கிறீர்?" என்று கேட்டேன். பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பிள்ளையின் மாமி என் வீட்டு வாசல் படலையில் வைத்துச் சாப்பாடு தருவார். உள்ளே போகும் வழக்கம் இல்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம், குடை எடுக்கப் போனேன். யன்னலில் விளக்கு தெரிந்தது. என் மேசையில் குனிந்து பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மாமிக்காரி படலைக்கு ஓடிவந்தார்.

"பிள்ளை கணக்கில இருக்கிறாள் மாஸ்டர். குழப்பாதேங்கோ."

"என்ர குடை..."

"உஷ்! விடியப் பாப்பம்."

"ஓம் அக்கா."

அவர் உள்ளே போன பிறகும் வேலியோரம் நின்றேன். பிள்ளை எதையோ வெட்டினாள், திரும்ப எழுதினாள், தாளைப் புரட்டினாள். அந்த வீட்டில் ஆள் இருப்பதைக் கண்டு கனகாலம். பிறகுதான், ஆரும் கண்டால் வாத்தியார் சொந்த வீட்டையே எட்டிப் பார்க்கிறார் என்று ஊர் கதைக்குமே என்ற நினைப்பு வந்தது. நனைந்துகொண்டு ஓடினேன்.