பாண்டியம்மா ஏறியாச்சு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் நெட் போய்விட்டது. போடியில் நாலு தூறல் விழுந்தாலே முதலில் படுத்துக்கொள்வது அதுதான். பத்திரிகைக்கு வாராவாரம் எழுதும் பத்தியை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டுப் பிரபு, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். அவன் அம்மா பாண்டியம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் அவன் மட்டும்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்றால் நமக்குத்தான் சும்மா இருக்க வராதே... கேட்டேன்.

அவன் வேலை பேரலல் கம்ப்யூட்டிங்காம். ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, ஒரே நேரத்தில் பல பேரிடம் கொடுப்பது. பேர் என்றால் மனிதர்கள் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். கடைசி ஆள் வந்து சேரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புது வேலைக்கும் இதையெல்லாம் முதலிலிருந்து எழுதுவார்களா? மாட்டார்கள். ஒரு தடவை எழுதிய டெம்ப்ளேட்டைக் காப்பி எடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

அந்த டெம்ப்ளேட்டை எழுதியவன் பிரபு. அம்மா உயிரோடு இருந்தபோது எழுதியது.

பாண்டியம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வரிசையில் நிற்பவரே தெரியாது. அதனால் சாயங்காலம் ஜீப் டிரைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். 'ஏறியாச்சு' என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். பிரபு அதை அப்படியே டெம்ப்ளேட்டில் வைத்துவிட்டான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஆறு ஆட்களுக்கும் அம்மாவின் பெயரும் அவரோடு ஜீப்பில் வருகிற ஐந்து பெண்களின் பெயரும். ஒவ்வொரு ஆளும் தயாரானதும் பெயரோடு 'ஏறியாச்சு' என்று திரையில் ஒரு வரி வரும். பெங்களூரில் அவனுடைய ஆபீஸ்காரர்கள் எல்லாம், யார் என்றே தெரியாமல், 'பாண்டியம்மா ஏறியாச்சு' என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள்!

அம்மா போன பிறகு பிரபு தொடங்குகிற முதல் புராஜெக்ட் இது. அந்தப் பெயரைப் பார்க்கத் தைரியமில்லாமல் அழித்திருக்கிறான். ஆனால் ஆறு என்ற எண்ணை ஐந்தாக்க மறந்துவிட்டான். ஐந்து பேர் ஏறியாச்சு என்று சொல்லிவிட்டார்கள். புரோகிராம் ஆறாவது ஆளுக்காக நின்றுகொண்டே இருந்தது.

அம்மா இறந்த அன்றைக்கும் இப்படித்தான் நடந்தது. ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். பாண்டியம்மாவிடமிருந்து பதில் இல்லை. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு டார்ச்சோடு தேடிப் போனபோது, ஒரு செடியடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. துக்க வீட்டில் டிரைவர் பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். "நாங்க விட்டுட்டு வரலப்பா."

எண்ணை மாற்றிவிடேன் என்றேன். மடத்தனமாகத்தான் சொன்னேன்.

"மாத்துனா ஓடிரும்ண்ணே. அம்மாவ விட்டுட்டுக் கெளம்புன மாதிரில்ல ஆயிரும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவனே அந்தப் பெயரைத் திரும்ப டைப் செய்தான். பட்டனைத் தட்டினான். வரிகள் ஓடின. யார் முந்துவார்கள் என்று இதில் முன்கூட்டிச் சொல்லவே முடியாதாம். அன்றைக்கு முதல் வரியே 'பாண்டியம்மா ஏறியாச்சு'.

"வெறகு பொறக்கிட்டு எப்பவும் கடைசியாத்தேன் ஏறும்" என்றான் பிரபு. "இன்னைக்கு வெரசா ஏறிருச்சுண்ணே."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பென்டிரைவ் பைக்குள்ளேயே கிடந்தது.

பத்தி ஏன் தாமதம் என்று ஆசிரியர் கேட்டால், ஒரு ஆள் ஏற வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.