கசிவு இல்லை, சிந்தியது

இதுவரை அரசு அலுவலகங்களுக்கு அறுபத்து மூன்று மனுக்கள் எழுதியிருக்கிறேன். தெருவிளக்கு, சாக்கடை, ரேஷன் கடைத் தராசு, நிற்காமல் போகும் பேருந்து, எல்லாவற்றுக்கும். பதில் வந்தவை இருபத்தொன்று. அவற்றில் தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்ட பதில் ஒன்றே ஒன்று. மொத்தம் பதினொரு சொற்கள். அதன் நகலை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் மேல்விஷாரத்திலிருந்து பேருந்தில் பதினொரு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தோல் தொழிற்சாலை இல்லாத ஊர் கிடையாது. உப்பேறாத கிணறும் அநேகமாகக் கிடையாது. எங்கள் தெருக் கிணறு மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகும் என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். இருபத்து நான்கு வீடுகள் அதை நம்பி இருந்தன.

நான் முப்பத்தாறு வருடம் ஒரு பெரிய தோல் தொழிற்சாலையில் அளவுப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒவ்வொரு தோலையும் அளந்து, அதன் உட்பக்கத்தில் இத்தனை சதுர அடி என்று எழுதுவது என் வேலை. சுற்றுவட்டாரச் சிறிய தொழிற்சாலைகளின் தோலும் அளவுக்கு எங்களிடம்தான் வரும். ஒன்றும் ஏழும் ஒன்றுபோலத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஏழின் நடுவே ஒரு சிறு கோடு போடுவேன். ஓய்வு பெற்றும் அந்தக் கோடு போகவில்லை, எண்ணுகிற புத்தியும் போகவில்லை. தெருவில் எனக்கு "சதுரடி சார்" என்று பெயர். தினமும் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன்: எத்தனை குடம் தண்ணீர், எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எப்போது வந்தது, எத்தனை மாத்திரை. "நான் எத்தன வாட்டி தும்மனேன்னு மட்டும்தான் அதுல இல்ல" என்பாள் மனைவி. அதுவும் இரண்டு இடத்தில் இருக்கிறது. நான் காட்டியதில்லை.

ரம்ஜான் முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை காலையில் அவள் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இன்னாங்க, தண்ணி மேல வானவில்லு மிதக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். நீலமும் மஞ்சளுமாக மெல்லிய ஏடு ஒன்று மிதந்தது. விரலால் தள்ளினால் விலகி, மறுபடியும் கூடியது. பிசுக்காக இருந்தது. வாசனை எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடம் தோலுக்கு நடுவே இருந்த மூக்குக்கு வாசனைகளில் பாதி வராது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: புதன், காலை 6.40, கிணற்றில் எண்ணெய் ஏடு.

இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை, வீட்டுக்கு ஒருவராக இருபத்து நான்கு பேர் என் வாசலில் நின்றார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் கெட்டால் யாரும் காரணம் தேடமாட்டார்கள். தோல் தண்ணி. அவ்வளவுதான். எனக்கு அதற்குமேல் ஒரு படிப்பும் இருந்தது. தோல் விறைக்காமல் இருக்க அதற்கு எண்ணெய் ஊட்டுவார்கள். மிஞ்சுகிற தண்ணீரில் இதே வானவில் ஏடு மிதக்கும். ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். தெருக்கோடியில், எல்லோரும் பாய் என்று கூப்பிடும் முதலாளியின் சிறிய தோல் தொழிற்சாலை இருந்தது. தோலைப் புரட்டிப் பதப்படுத்தும் அதன் டிரம்கள் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் என் வாசலுக்குக் கேட்டது. வேறு என்ன வேண்டும்?

மனு எழுதினேன். "கடந்த சில நாட்களாக, மேற்படி தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் எண்ணெய்க் கழிவு எங்கள் கிணற்றில் கலந்து வருகிறது." இருபத்தொரு கையெழுத்து, மூன்று கைநாட்டு. பாய் வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

நான் எழுதிய அறுபத்து மூன்று மனுக்களில் இவ்வளவு விரைவாக நடவடிக்கை வந்தது இதற்குத்தான். நான்காம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். பரிசோதனை முடிவு வரும்வரை தொழிற்சாலைக்கு மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவாயிற்று. அங்கே இருபத்தாறு பேர் வேலை செய்தார்கள். பதினொரு பேர் பெண்கள். அவர்களில் மூன்று பேர் என் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்.

அன்று மாலை பாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் மனுவின் நகல். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். உட்காரவும் இல்லை, கத்தவும் இல்லை. மனுவில் கதவு எண் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஏழு உங்களுதுதானே சார்? எங்கப்பா காலத்துலேர்ந்து எங்க தோல் மேல இந்தக் கோட்ட பாத்துனுகீறேன்."

"பாய், தண்ணி கெட்டுப்போச்சி. நான் இன்னா பண்றது?"

"கெட்டுப்போச்சின்னு எங்கிட்ட சொல்லக்கூடாதா? எங்க வூட்லயும் அதே கிணறுதான் சார்."

அவர் போனபின் மனைவி கேட்டாள்: "அவங்க வூட்டையும் சேத்து எண்ணியிருந்தா இருபத்தஞ்சி இல்ல?"

மறுநாள் பத்து மணிக்குத் துண்டிக்க வந்தார்கள். எங்கள் துணை மின்நிலையம் கிணற்றிலிருந்து என் நடையில் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அங்கிருந்து உதவிப் பொறியாளர் நடந்தே வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். கூட ஒரு லைன்மேன். தொழிற்சாலை வாசலில் இருபத்தாறு பேரும் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. லைன்மேன் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டைகளைப் பிடுங்கினார். மூன்று கட்டை. உள்ளே டிரம் சுற்றுவது மெல்ல மெல்ல அடங்கியது.

கட்டையைப் பிடுங்கிய கையைக் கழுவ லைன்மேன் கிணற்றடிக்கு வந்து ஒரு வாளி இறைத்தார். அந்தப் பெண் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு விரலை முக்கி, தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முக்கினார்.

"ஐயா, இது எப்போலேர்ந்து இப்டி இருக்கு?"

"அதான் மனுவுல எழுதியிருக்கேனேம்மா. சில நாட்களா."

"சில நாள்னா எத்தன நாள்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "மேடம், அவர்கிட்டயா கேக்கறீங்க? மணி, நிமிஷத்தோட சொல்லுவாரு" என்றது ஒரு குரல். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குளியலறைக்குப் போகும் எட்டுகளைக்கூட எண்ணுகிற நான், என் வாழ்க்கையில் முதல்முறையாக 'சில' என்று எழுதியிருக்கிறேன். இருபத்து நான்கு பேர் அவசரப்படுத்தினார்கள், நோட்டு உள்ளே இருந்தது, எழுந்து போக முழங்கால் வலித்தது. இவை காரணங்கள்தான். ஆனால் போதிய காரணங்கள் இல்லை.

நோட்டை எடுத்துவந்து படித்தேன். "புதன், காலை 6.40."

அவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு உங்க யூனிட் ஓடிச்சா?"

"ரம்ஜானுக்கு எட்டு நாள் லீவு மேடம். சனிக்கெழம மூடி, அடுத்த ஞாயித்துக்கெழமதான் தொறந்தோம். நடுவுல ஒரு டிரம் சுத்தல. வேணும்னா இவுங்க எல்லாரையும் கேளுங்க."

கேட்கத் தேவையே இல்லை. என் நோட்டிலேயே இருந்தது. சனிக்கிழமைப் பக்கத்தில், "பாய் டிரம் சத்தம் இல்லை, நிம்மதி" என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் எண்ணியிருந்தேன், எதையும் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் நோட்டை வாங்கி, புதனுக்கு முந்தைய வரியில் நின்றார். "செவ்வாய், காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு." அதை அவர் வாய்விட்டுப் படித்தார். படித்தபின் லைன்மேனைப் பார்த்தார். லைன்மேன் வாளியைப் பார்த்தார்.

"அண்ணா, அன்னிக்கு எண்ண வடிகட்டனோமே, அந்தக் குழா கழண்டுச்சே."

"மேடம், அது கொஞ்சந்தான். நமக்கு எதுக்கு பேஜாரு? இவங்களே தோல் தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கிணற்றடியில் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்கும்.

பிற்பாடு எனக்குப் புரிந்தது இதுதான்: மின்நிலையத்தில் இருக்கும் பெரிய மின்மாற்றிக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் நிற்கும். அதை எப்போதாவது வெளியே எடுத்து வடிகட்டி மறுபடி ஊற்றுவார்கள். அன்று குழாய் கழன்று கொட்டிய எண்ணெய், சுவருக்கு வெளியே உள்ள மழைநீர்க் கால்வாயில் இறங்கி, கிணற்றின் கிழக்குப் பக்கம் பெயர்ந்துகிடந்த இரண்டு கல்லின் வழியாக உள்ளே போயிருக்கிறது. சிந்தியதும் அந்த நிலையம்தான். அதற்காகப் பாயின் பியூஸைப் பிடுங்கியதும் அதே நிலையம்தான்.

அந்தப் பெண் பாயிடம் போனார்.

"பாய், ஆர்டர் இருக்கு. கட்டைய இப்போ திருப்பி வெக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா ரிப்போர்ட் நான்தான் எழுதணும். இன்னிக்கே எழுதறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்களும் இன்னொரு மனு எழுதுங்க. இந்த வாட்டி நாள் போட்டு எழுதுங்க."

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். பேருந்துக்காக நின்றிருந்தேன். பாய் ஸ்கூட்டரை என் முன்னால் நிறுத்தினார். "ஏறுங்க சார். உங்கள மாதிரி ஆளு தனியா போனா, மறுபடியும் என் பேர எழுதிட்டு வந்துடுவீங்க." ஏறினேன். வழியில் அவர் கேட்ட ஒரே கேள்வி: "எத்தன ஸ்பீட் பிரேக்கர் சார் இதுவரிக்கும்?" பதினாறு என்றேன். "பதினேழு. மொதல்ல வந்தப்போ கண்ண மூடினு இருந்தீங்க" என்றார்.

மனுவைப் பதிகிற மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "யார் மேல புகார்?"

"என் மேலதான். போன மனுவுல நான் தப்பா எழுதிட்டேன்."

"அதுக்கு இதுல கட்டம் இல்லியே சார்" என்றார். கொஞ்சம் யோசித்து, "இதர" என்று போட்டுக்கொண்டார்.

அதன்பின் ஐந்து நாள். என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நோட்டில் இருக்கிறது. இங்கே வேண்டாம். அரசாங்கம் தன் மேல் தானே எழுதிக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருபது பதில்கள் பார்த்தவன் நான். "ஆய்வு செய்ததில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை" என்பது எனக்கு மனப்பாடம். அதற்கேற்ப, மேலிடத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை வந்ததாம். பிற்பாடு லைன்மேன் சொல்லித் தெரிந்தது. மின்மாற்றியில் கசிவு இருக்கிறதா என்றுதானே கலெக்டர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள்? கசிவு இல்லை. இல்லை என்று எழுதிவிடும்மா. அது பொய்யும் இல்லை.

அவர் அப்படியே எழுதினார். எழுதிவிட்டு நிறுத்தவில்லை. என்னிடம் இருக்கும் நகலில் உள்ளபடி:

"மின்மாற்றியில் கசிவு இல்லை. எண்ணெய் வடிகட்டும்போது குழாய் கழன்று சிந்தியது. பொறுப்பு இந்த நிலையத்தினுடையது."

மூன்றாவது வாக்கியத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் ஒரு அலுவலகம் எழுதித்தந்த மூன்று சொற்கள் அவை. என் எழுபத்தைந்து வயதில் அதுபோல் வேறொன்று வரவில்லை.

பாயின் பியூஸ் கட்டைகள் பிடுங்கிய எட்டாம் நாள் திரும்ப வந்தன. அதே லைன்மேன்தான் வைத்தார். வைத்துவிட்டு, "கோச்சிக்காத பாய்" என்றார். "சரி, மொதல்ல டீ குடி" என்றார் பாய். மின்நிலையத்து ஆட்கள் மூன்று நாள் கிணற்றை இறைத்தார்கள். கால்வாய் மண்ணை இரண்டடி ஆழம் வெட்டி லாரியில் கொண்டுபோனார்கள். பெயர்ந்த இரண்டு கல்லையும் பூசினார்கள். அதுவரை தினமும் காலையிலும் மாலையிலும் தண்ணீர் லாரி வந்தது. ஒரு நாளும் தவறவில்லை. எழுதிவைத்திருக்கிறேன். இப்போது மின்மாற்றியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு வரப்பு கட்டியிருக்கிறார்கள், இனி சிந்தினாலும் உள்ளேயே நிற்கும். அந்தப் பெண்ணுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. "வரட்டும் ஐயா, பதில் எழுதத்தானே படிச்சிருக்கோம்" என்றார்.

கிணறு முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மழை பெய்த மறுநாள் சில சமயம் ஓரத்தில் ஒரு மினுக்கம் தெரிகிறது. சில சமயம் என்றால் இதுவரை நான்கு முறை. பருப்பு வேகிறது. பூவாக இல்லை, ஆனால் வேகிறது.

போன மாதம் அறுபத்து நான்காவதாக ஒன்று எழுதினேன். அது மனு இல்லை. நன்றிக் கடிதம், அந்தப் பெண்ணின் மேலதிகாரிக்கு. நாளும் மணியும் போட்டு, எண்ணெய் சிந்திய செவ்வாயிலிருந்து கட்டைகள் திரும்பிய நாள்வரை எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். 'சில' என்ற சொல் எங்கும் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். இந்தத் தடவை கையெழுத்துக்கு முதலில் பாய் வீட்டுக்குத்தான் போனேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். "என் பேரு எங்கியும் இல்லியே சார்?" என்றார். "கையெழுத்துப் போட்டா வந்துடும் பாய்" என்றேன்.

சிரித்தபடி போட்டார். இருபத்தைந்தில் முதல் கையெழுத்து. கீழே தேதி எழுதினார். அன்று ஏழாம் தேதி. எழுதிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பேனாவைத் திரும்ப எடுத்து, ஏழின் நடுவே ஒரு சிறு கோடு போட்டார்.