சொந்த மருமகனுக்கு எதிராக விசில் ஊதிய எங்கள் அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் மொன்ட்ரியால் தமிழர் விளையாட்டுப் போட்டிகளின் நடுவராகத்தான் தெரிந்தவர். அதற்கு முன்பு பந்தடித்தே எங்களுக்குச் சோறு போட்டவர் என்பதை மூத்த மகளாகிய நான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம் அரியாலையில் பிறந்த அப்பாவை, இளவயதிலேயே கொழும்பு நெசவாலை ஒன்று தன் உதைபந்தாட்ட அணிக்கு எடுத்தது. பெயருக்குத்தான் அலுவலகத்தில் கிளாக்கர் வேலை, சம்பளம் பந்தடிப்பதற்கு. அம்மாவைப் பெண் கேட்டபோது அம்மப்பா, "பந்தடிக்கிறவனுக்கோ பெட்டையைக் குடுக்கிறது? கால் முறிஞ்சா என்ன செய்வான்?" என்றாராம்.

கலியாணமான மறுவருடமே, ஆட்டமொன்றில் வலது கால் முறிந்தது. ஆலை வேறொருவரை எடுத்துக்கொண்டது. அப்பா ஊருக்குத் திரும்பவில்லை. கட்டு அவிழ்த்ததும் கடற்கரையில் இடது காலால் அடித்துப் பழகத் தொடங்கினார்.

"இனியும் ஏனப்பா உந்த வேலை?" என்று அம்மா அழுதிருக்கிறார்.

"மற்றக் கால் இருக்கெல்லோ."

அடுத்த பருவத்தில் வேறொரு அணி அவரை இடதுபக்கப் பின்வரிசையில் நிறுத்தியது. தலை நரைக்கத் தொடங்கும்வரை அங்கே ஆடினார். நானும் தம்பியும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

போர் எங்களை மொன்ட்ரியாலுக்குத் துரத்தியது. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகை வீடு. அப்பாவுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கோடைகால ஞாயிறுகளில் மட்டும் அப்பா விசிலோடு மைதானத்தில் நின்றார்.

அப்படியொரு ஞாயிறு, இறுதியாட்டம். எங்கள் ஊர்ச் சங்க அணியில் என் கணவரும் ஆடினார். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடியப்போகும் நேரம், எங்கள் கோல் வாசல் நெரிசலில் பந்து அவர் கையில் பட்டது. அப்பாவைத் தவிர ஒருவரும் காணவில்லை. விசில் ஊதி, எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார்.

"அண்ணை, உங்கட ஊர்! உங்கட மருமகன்!" சங்கத் தலைவர் மைதானத்துக்குள் ஓடிவந்து கத்தினார்.

"ஆட்டம் நடக்குது. வெளியால போங்கோ," என்ற அப்பா, பந்தைத் தன் கையாலேயே புள்ளியில் வைத்தார். தோற்றோம்.

ஊரவர்கள் கலியாணவீடுகளில் அவரைக் கண்டும் காணாதவர்போல் விலகினார்கள். என் கணவர் அப்பாவின் வீட்டுப் படி ஏறவில்லை. நான் பிள்ளையோடு தனியே போய்வந்தேன்.

"ஒருக்கா மருமகனோட கதையுங்கோவன்," என்று அம்மா மன்றாடினார்.

"கதைக்கிறன். ஆனா கை படேல்லை எண்டு சொல்லமாட்டன்."

தைப்பொங்கலன்று, பனி கொட்டிக்கொண்டிருக்கையில், என் கணவர் தானாகவே போய்க் கதவைத் தட்டினார்.

"மாமா, கை பட்டதுதான்."

"தெரியும். உள்ள வாரும், குளிர் வருது."

அடுத்த கோடையில் சங்கத்தாரே வந்து அப்பாவை நடுவராக அழைத்தார்கள்.

அம்மா போனபின் அப்பா மொன்ட்ரியாலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்களோடு இருந்தார். தளர்ந்த பின்னும் சக்கர நாற்காலியில் உட்கார மறுத்தார். சுவரைத் தடவித் தடவி நடந்தார். யாராவது தாங்கப் போனால், "விடுங்கோ, நான் வாறன்" என்பார். கடைசி நாள் காலையில்தான் என் கணவரைப் பார்த்து, "என்னை ஒருக்காப் பிடியும்" என்றார். அப்பா ஒருவரிடம் அப்படிக் கேட்டதை நான் கண்டது அதுவே முதல் தடவை.

அவர் கேட்காமலே அவரைப் பிடித்தவர்கள் பலர். மருத்துவமனையில் அவருக்காக, ஆம் என்பதற்கு எங்கள் பேச்சில் "ஓம்" சொல்லப் பழகிய தாதியர்கள், உறைபனியில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், கோபத்தை மறந்து திரும்பி வந்த ஊரவர்கள், இறுதிவரை அவரைக் குளிப்பாட்டிய என் கணவர். உங்கள் கைகளை எங்கள் குடும்பம் நன்றியோடு பற்றிக்கொள்கிறது.