டீச்சர் செக் வைக்கப் போன நாள்

சக்கர நாற்காலியின் இரு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு சதுரங்கப் பலகை. திருநகரில் நான் மாடியில் குடியிருந்த வீட்டை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அதுதான். கீழே வீட்டுக்காரர்கள். சார் மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்தவர். அவர் மனைவி அங்கேயே டீச்சர். ஓய்வுபெற்ற பிறகு வந்த பக்கவாதத்தில் சாருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. புத்தி எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியவில்லை. பலகையைக் கண்டால் மட்டும் அவர் கண்ணுக்கு உயிர் வரும். உசிலம்பட்டியிலிருந்து வந்து சாரோடு ஆடும் அவர் அண்ணனுக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியவில்லை. ஆகவே டீச்சரே எதிரில் உட்கார்ந்தார்.

எடுத்ததுமே ராணியைப் பறிகொடுப்பார். சார் சலித்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எந்திரிச்சுப் போக முடியாமத்தான் உக்காந்திருக்காரு தம்பி. என்னையக் கொஞ்சம் ஆடத் தெரிஞ்ச ஆளா ஆக்கிவிடுங்க" என்று கேட்டார். நானே செல்போனில் முட்டி மோதிக் கற்றவன். இருந்தாலும் சொல்லிக்கொடுத்தேன். டீச்சருக்குச் சிப்பாய்களை வெட்டுக்கொடுக்க மனசு வராது. "பிள்ளைகள வெயில்ல நிறுத்திட்டு ராஜா உள்ள ஃபேனுக்கடியில. எங்க ஹெட்மாஸ்டரேதான்" என்பார். ஆனாலும் தேறினார். ஆட்டம் நீண்டது. சார் யோசிக்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் டீச்சர் மாடியேறி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இன்னைக்கு நெருக்கிட்டேன் தம்பி. அடுத்தது செக். அவரு ராஜாவத் தூக்கி, குதிரை மாதிரி தாவி வேற கட்டத்துல வச்சுட்டாரு. நான் எடுத்துப் பழைய இடத்துல வச்சா, மறுபடி அங்கேயே வைக்கிறாரு. அம்புட்டுத்தான், புத்தியும் போயிருச்சு." அப்படியொரு நகர்வு எனக்கும் தெரியாது. பலகை பீரோ மேல் ஏறியது. சில நாள் சாரின் கண் பீரோவுக்கே போய்வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. மழைக்காலம் முடியுமுன் இறந்துபோனார்.

துக்கத்துக்கு அண்ணனைக் காரில் கூட்டிவந்தார்கள். "கடைசியா விளையாடுனானா தாயி?" என்று கேட்டார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க ஊரு ஆட்டத்துல செக் வாங்குறதுக்கு முந்தி ராசா ஒரு தடவ குதிர மாதிரி தாவலாமே. சின்னதுல இருந்து நாங்க அப்படித்தான் ஆடுவோம்."

அதற்குமுன் சாரின் ராஜாவை யாரும் அப்படி நெருக்கியதில்லை. டீச்சர் தேறிய பிறகே அந்தத் தாவலுக்குத் தேவை வந்தது.

எல்லாரும் போனபின் டீச்சர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஒண்ண உங்ககிட்டச் சொல்லல தம்பி. ராஜாவ வச்சுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. பாதி வாய்தான் சிரிச்சுச்சு. அதப் பாத்துத்தான் புத்தி போயிருச்சுன்னு நெனச்சேன்."

இப்போது நான் வேறு தெருவில் இருக்கிறேன். கூப்பிட்டால் போய் ஆடுகிறேன். டீச்சர்தான் அநேகமாக ஜெயிக்கிறார். ஜெயித்ததும் குனிந்தபடியே காய்களை அள்ளிப் பெட்டியில் போடுகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.