ஈசானிய மூலைக்கு வைத்த வாட்டம்

மல்லாட்டை பிடுங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, கடலையெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துப்போனதே, அந்த ஐப்பசியில்தான் இது நடந்தது. எனக்கு எழுத்து தெரியாது, வருஷமும் தெரியாது. வெள்ளாமை போனதை வைத்துத்தான் எதையும் சொல்வேன்.

திண்டிவனத்துக்கு வெளியே அப்பா பிரித்துக் கொடுத்த மனையில் என் தம்பிக்கு மெத்தை வீடு. கிழக்கே அடுத்தாற்போல் எனக்கு மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. வாடகைக்கு ஓட்ட அவன் கார் வாங்கினான். அதை நிறுத்துவதற்காக, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அவன் இடத்தில் பேவர் பிளாக் கல் போட ஆரம்பித்தான்.

எங்களுக்குள் சின்ன வயதிலேயே ஆகாது. கேப்பைக் களி உருண்டைக்காக என் காதைக் கடித்தவன் அவன். தழும்பு இன்னும் இருக்கிறது. பதிலுக்கு நான் அவனைக் கிணற்றில் தள்ளினேன். அப்பா இருவரையும் மாட்டுக் கயிற்றால் பின்னியெடுத்தார். செவலை மாட்டுக்கு வாங்கிய கயிறு. அந்த மாடு ஒருத்தரையும் முட்டாது. சரி, கல்லுக்கு வருகிறேன்.

கண்டமங்கலத்திலிருந்து வந்த கொத்தனார் மண்ணைத் தோண்டி, ஜல்லித்தூள் கொட்டி, மெஷின் வைத்து இடித்துக் கெட்டிப்படுத்தினார். அது உதறிய உதறலில் என் வீட்டு ஓடுகள் சரிந்து உடைந்தன. பின்கட்டுச் சுவரில் மண் கொட்டியது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இடுப்பெலும்பு முறிந்து என் மனைவி கிடந்தாள்.

தெருவும் கால்வாயும் தெற்கே. கொத்தனார் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத் தெற்கே இறக்கி நூல் கட்டினார். தம்பி அரிவாளால் நூலை வெட்டினான். வீட்டுத் தண்ணீர் ஈசானிய மூலை வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று ஜோசியர் சொன்னாராம். அவனுடைய ஈசானிய மூலை என் மனைவியின் தலைமாட்டுச் சுவரில் முட்டுகிறது.

“உன் அண்ணி அங்க படுத்துக்கினு இருக்காடா” என்றேன்.

“மெத்த வூடு கட்டத் துப்பில்ல, தண்ணி மேல பழி போட்டுக்கினு நிக்கிற” என்றான்.

சுற்றிலும் ஓரக்கல்லை உயர்த்தி நட்டு, சிமெண்டு பூசி அடைத்தான். வடகிழக்கில் மட்டும் ஒரு ஓட்டை.

மழை விடியலில் இறங்கியது. அவன் மாடித் தண்ணீர் முழுவதும் கல்மேல் ஓடி, அந்த ஓட்டை வழியாக என் சுவரின் அடியைக் குடைந்தது. நான் கடப்பாரையோடு ஓடித் தெருப்பக்கத்து ஓரக்கல்லைப் பெயர்த்தேன். இரண்டாவது கல்லுக்கு ஓங்கும்போது, தம்பி பின்னாலிருந்து மண்வெட்டியால் தோளில் அடித்தான். திரும்பினேன். அடுத்த அடி வாயில் விழுந்து, பல்லைத் துப்பினேன். கடப்பாரையைத் தாழ வீசினேன். அவன் முழங்காலுக்குக் கீழே காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. விழுந்தவன் விடவில்லை, என் காலைப் பிடித்து இழுத்துக் கழுத்தை நெரித்தான். அவன் முகத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன்.

அப்போது சுவர் விழுந்தது.

இரண்டு பேரும் கையை விட்டோம். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் நண்டு மாதிரி சுவர்ப் பக்கம் ஊர்ந்து, “அண்ணி, அண்ணி” என்று சகதியைக் கையால் வாரினான்.

என் வீட்டு முன்வாசலிலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது.

“அடிச்சிக்கினு கெடங்க. அக்காவ பாயோட இழுத்தாந்துட்டேன்.”

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கல் வழுக்கி விழுந்தோம் என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரே பொய்யைச் சொன்னோம். அதற்குப் பிறகு பேசவில்லை. அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குள் வாடகைக்குப் போய்விட்டான். காலை இழுத்துத்தான் நடக்கிறானாம்.

போன பங்குனியில் சாவியை அவன் மனைவியிடம் கேட்டு வாங்கி, அதே கொத்தனாரை வைத்து எல்லாக் கல்லையும் எடுத்து மறுபடி போட்டேன். வாட்டம் இப்போது தெருக் கால்வாய்க்குப் போகிறது. ஈசானிய மூலையில் விரல் தடிமனுக்கு ஒரு குழாய் விட்டிருக்கிறேன். அதில் கசிகிற தண்ணீர் என் முருங்கை மரத்துக்குப் போதும். ஜோசியருக்கும் போதும்.

நான் போய்க் கூப்பிட மாட்டேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கார் வரிசையில் அவன் நிற்பான். காலைப் பார்த்தால் தெரியும். தண்ணீர் ஈசானியத்திலும் போகிறது, அண்ணி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள், காரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள் என்று சொல்லிவிடுங்கள். அவள் சொன்னதாகவே சொல்லுங்கள்.